நூற்றுக்கு நாற்பத்தைந்து

ஆகஸ்ட் மாதம். வெளியே முப்பத்தாறு டிகிரி.
ஹம்பர்க்கிலிருந்து ஒரு படம் வந்தது.
ஐரோப்பா முழுக்க நீலம் பூசி
ஓரத்தில் பொடி எழுத்தில்:
வரும் குளிர்காலம் வழக்கத்தைவிடக் குளிர
நூற்றுக்கு நாற்பத்தைந்து வாய்ப்பு.

பகாவில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்,
தோட்டத்தின் பழைய புகைக்கூடம் இருந்த இடத்தில்
வெந்நீர்ப் பை செய்கிறோம்.
நான் உற்பத்திக் கணக்கு. பெயர் குணமதி.
பனியைப் பார்த்ததில்லை.
எங்களுக்குப் பனி என்றால்
விடிகாலையில் மோட்டார் சீட்டைத் துடைக்கவைக்கும் ஈரம்.
அங்கே அதே சொல்லுக்குள்
வீட்டுக் கதவு திறக்காமல் போகிறது.

நாற்பத்தைந்து விழுக்காட்டை
நாற்பத்தைந்து விழுக்காடாகவே செய்ய வழியில்லை.
மூன்றாவது லைனை ஓட்டலாம், ஓட்டாமல் விடலாம்.
அச்சு பாதி மட்டும் மூடாது.
மேனேஜர் லிம் கேட்டார்: "குளிருமா, குளிராதா?"
பசிபிக் நீர் அரை டிகிரி ஆறியிருக்கிறதாம், சார்.
துருவத்துக்கு மேலே, முப்பது கிலோமீட்டர் உயரத்தில்
ஒரு காற்று பம்பரமாய்ச் சுற்றுகிறதாம்.
தள்ளாடினால் குளிர் கீழே கொட்டுமாம்.
"எப்போது தள்ளாடும்?"
அதைச் சொல்லவில்லை, சார்.
ஓட்டச் சொன்னார்.

அக்டோபரில், சைபீரியாவில் பனி முந்திக்கொண்டது என்றதும்
பேக்கிங் பிரிவில் இனிப்பு வழங்காத குறை.
தனலெட்சுமி ஏழு நாளும் ஓவர்டைம் எழுதினாள்.
தில் பகதூர் மட்டும் சிரித்தான்.
"எங்கள் மலையில் பனி விழுந்தால்
முதலில் சத்தம் நின்றுபோகும் அக்கா.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

வெள்ளி தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்று
பள்ளியில் படித்திருக்கிறேன்.
எங்கள் வெள்ளி வடக்கேயிருந்து வருவது,
ஓவர்டைம் மணிக்குப் பன்னிரண்டு.
அங்கே குளிர் பொய்த்தால்
இங்கே அது உதிக்காது.

பொய்த்தது.
டிசம்பர் பதினெட்டில் கடிதம்:
ஆட்கள் தெருவில் நாற்காலி போட்டுக் காப்பி குடிக்கிறார்கள்,
மீதியை அனுப்பவேண்டாம்.
படத்தின் மேல் தப்பில்லை என்றும் ஒரு வரி.
உண்மைதான். மிச்ச ஐம்பத்தைந்தும்
அந்த நீலத்துக்குள்ளேயேதான் இருந்தது,
நாங்கள்தான் கூட்டிப் பார்க்கவில்லை.
கிள்ளான் துறைமுகத்தில் பதினொரு கொள்கலன்.
இரண்டு மணிக்கு மூன்றாவது லைன் நின்றது.
தில் பகதூர் என்னைப் பார்த்தான்.
அந்தச் சத்தமின்மையில்
முழங்கால்வரை நின்றுகொண்டிருந்தோம்.

தை பிறக்குமுன் சைபீரியக் குளிர் வழி மாறியது.
மேற்கே போகாமல் தெற்கே இறங்கி
தென்சீனக் கடலை உறிஞ்சிக்கொண்டு
எங்கள் தலையில் ஒன்பது நாள் கொட்டியது.
இருபத்தொரு டிகிரி. பால்வெட்டு இல்லை.
பாசார் மாலாமில் நான்கே கடை;
ஒருத்தி ஸ்வெட்டர் போட்டாள், அரைமணியில் தீர்ந்தது.
இதற்கு யாரும் படம் அனுப்பவில்லை.
ஆகஸ்ட்டிலேயே எங்கள் ஊருக்கு நீலம் பூச
யாருக்கு என்ன அவசரம்?

ஐந்தாம் நாள், ஓரம் கோணிய ஒரு பையில்
வெந்நீர் ஊற்றி வயிற்றில் வைத்துப் படுத்தேன்.
பதினாறு வருடமாய் எண்ணுகிறேன்,
ஒன்றில்கூட நீர் ஊற்றிப் பார்த்ததில்லை.
நான்கு மணிநேரம் சூடு தாங்கியது.
பரவாயில்லை, நன்றாகத்தான் செய்கிறோம்.
தனலெட்சுமிக்கு இரண்டு கொடுத்துவிட்டுக்
கழிவுக் கணக்கில் மூன்று எழுதினேன்.

இந்த ஆகஸ்ட்டில் மறுபடி படம்.
ஐரோப்பா முழுக்க வெள்ளை.
அவ்வளவு பனியா என்று ஒரு நொடி உடம்பு சிலிர்த்தது.
பிறகுதான் பொடி எழுத்து:
வெள்ளை என்றால் எந்தப் பக்கமும் சாயவில்லை,
சொல்வதற்கில்லை.

லிம் கதவருகே நிற்கிறார். "எத்தனை?"
ஃபாரத்தில் அதற்கென்று ஒரு கட்டம்.
காலியாக விட்டால்
கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது.